மாப்பிள்ளை வீட்டுக் காரில் படகுப் பெயின்ட்

1

சென்ற வாரம் எங்கள் நகரத்து ரயில் பாலத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். காற்று அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய், பக்கத்துத் தரிப்பிடத்தில் நின்ற நாற்பத்தொரு கார்களின் மேல் போட்டுவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை வைத்தால்தான் வறுத்த ரவையைத் தூவிவிட்டது போலச் சுரசுரக்கும். கார்க்காரர்கள் பெயின்ட்காரரைக் கூப்பிட்டார்கள், பெயின்ட்காரர் காப்புறுதிக்காரரைக் கூப்பிட்டார், காப்புறுதிக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

இதுதான் ஜேர்மனியில் என் தொழில். காற்றில் பறந்து வந்து ஒட்டிய பெயின்டை, காரின் சொந்தப் பெயின்டுக்கு நோகாமல் எடுப்பது. இதற்கென்று களிமண் போலப் பிசையக்கூடிய ஒரு களி இருக்கிறது, சவர்க்காரக் கட்டி அளவில். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து, அந்தக் களியை உள்ளங்கையில் தட்டையாக்கி, ஒரு கை அகல இடத்தில் மெதுவாக இழுக்க வேண்டும். அழுத்தினால் கீறும். தண்ணீர் காய்ந்தாலும் கீறும். சுரசுரப்புப் போய் வழுக்கத் தொடங்கியதும் அடுத்த கை அகலம். கூரைக்கு நிமிர்ந்து, கதவுக்குக் குனிந்து, கதவின் கீழ்ப்பகுதிக்கு முழங்காலில் நின்று. ஒரு காருக்கு அரை நாள் போகும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருந்ததில்லை. வவுனியாவில் லொறியில் உதவியாள், கொழும்பில் சாப்பாட்டுக் கடை, பிறகு மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் ஒன்பது பேரோடு ஓர் அறை, அதற்குப் பிறகு இங்கே. இங்கேயும் நான்கு நகரங்கள், பதினொரு வேலைகள். இந்த ஒரு வேலையில்தான் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறேன். ஏன் என்று கேட்டால், கைக்குத் தெரிகிற வேலை, வாய்க்கு அவ்வளவு வேலை இல்லை.

வாய்க்கு வேலை வந்தால் பிழையாகிப்போகும். சென்ற வாரமும் அந்தக் காப்புறுதிக்காரரிடம் ஜேர்மன் மொழியில் 'நீங்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். ஒவ்வொரு காருக்கும் மூன்று பக்கப் படிவம், எட்டுப் படம். படிந்திருப்பது இந்தப் பாலத்துப் பச்சைதான், வேறு பச்சை இல்லை என்று நான் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் என்னைச் 'செபமாலை' என்று கூப்பிடுவார். அது என் அப்பாவின் பெயர். வந்த அன்று அகதி அலுவலகத்தில் எந்தப் பெயரை எந்தப் பெட்டியில் எழுதுவது என்று தெரியாமல் மாறி எழுதியது, இன்றுவரை அப்படியே நிற்கிறது. முல்லைத்தீவுக் கடலைத் தவிர வேறொன்றையும் காணாமல் இறந்த மனிதரின் பெயரால் என்னைக் கூப்பிட்டு, வாகன இலக்கத்தை வாசிக்கச் சொல்கிறார்கள்.

ஐந்தாவது காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் இதே மாதம் இதே வேலையை நான் முல்லைத்தீவிலும் ஒரு நாள் செய்தேன். களி இல்லாமல். இங்கே பத்தொன்பது வருடத்தில் எந்தக் காருக்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

2

அக்காவின் வீடு முல்லைத்தீவுக் கரையில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில். அத்தான் போரின் கடைசி இடப்பெயர்வில் செத்தார். அக்கா மகள் மெலானியையும் தூக்கிக்கொண்டு முகாமில் இருந்து, பிறகு திரும்பி வந்து, கருவாடு போட்டு அவளை வளர்த்தா. மெலானி இப்போது பிரதேச செயலகத்தில் வேலை. தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது தாய்மாமன்தான் தகப்பனின் இடத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

அந்த இடத்தில் இருக்க எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. வந்த புதிதில் தொலைபேசியில் அக்கா என்ன வேலை என்று கேட்டபோது 'கார்க் கொம்பனியில்' என்றேன். பொய் இல்லை. வாடகைக்குக் கார் விடுகிற கொம்பனி ஒன்றில் திரும்பி வரும் கார்களின் உட்புறத் தூசியை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைப் பக்கத்து வீட்டில் சொன்னபோது அது கார் செய்கிற கொம்பனியாகியது. கோயில் வாசலில் சொன்னபோது நான் இன்ஜினியராகிவிட்டேன். எட்டாம் வகுப்பு எப்படி இன்ஜினியர் ஆனது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே போய்ப் படித்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. முதல் வருடம் வெட்கத்தால் திருத்தவில்லை. பிறகு திருத்தினால் அக்காவுக்கு வெட்கம் என்று திருத்தவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, நீளக் கால்சட்டையோடு கதிரையில் இருந்து பழகிவிட்டேன்.

என் மகள் லியா என்னோடு வரவில்லை. அவள் வேறு நகரத்தில் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் விளங்கும், பேசினால் பாதியில் நின்று ஜேர்மன் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். என்னோடு வாரத்துக்கு ஒரு முறை, 'அப்பா சாப்பிட்டதா' என்பதோடு முடியும் கதை. மெலானியோடு மட்டும் தினமும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறாள். என்ன எழுதுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

3

மாப்பிள்ளை வீட்டார் ஓமந்தையில் இருந்து வந்தார்கள். எங்கள் வேதம்தான், கத்தோலிக்கர். மாப்பிள்ளை அன்ரன், வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். தகப்பன் பிலிப், முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அகலமான கை, குறைந்த பேச்சு. அவர்களோடு அவருடைய தங்கையும். வந்தது ஒரு வெள்ளைக் காரில். ஜப்பானில் ஓடி இங்கே இறக்கியது, அன்ரன் வாங்கி நான்கு மாதம். இந்த நாட்டில் இப்போது கார் என்றால் ஒரு குடும்பத்தின் பாதி ஆயுள். பிலிப் ஐயா இறங்கியதும் கைக்குட்டையால் கைபிடியைத் துடைத்துவிட்டு, அடிபடாத வண்டி, ஒரு கீறல் கிடையாது, தான் தேடச் சொல்லித் தேடி எடுத்தது என்றார். அடிபட்ட வாகனம் திரும்பவும் அடிபடும் என்பது பஸ்காரரின் நம்பிக்கை.

வெயில். விருந்தாளியின் காரை வெயிலில் விடலாமா? அக்கா காரைக் கடற்பக்கத்துப் பூவரச நிழலில் விடச் சொன்னா. வேலிக்கு அந்தப் பக்கம் மரியநாயகம் அண்ணையின் வளவு. அங்கே அவர் தன் படகைக் கவிழ்த்து வைத்துக் கொம்பிரசரால் நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர், காற்று அவருக்குக் கைரேகை மாதிரி. அந்த மாதத்தில் காலையில் காற்று தரையில் இருந்து கடலுக்குப் போகும். பெயின்ட் தூசும் கடலுக்குப் போய்விடும். பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று திரும்பும். அதற்கு முன் முடித்துவிடலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் தொடங்கியிருந்தார். ஆனால் எங்கள் வாசலில் கார் நின்றதும் கொம்பிரசரை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டில் கலியாணம் பேசும்போது சத்தம் போடுவதா? செபம் சொல்லி, தேத்தண்ணீர் குடித்து, பேச வேண்டியதைப் பேசி, நாங்கள் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகுதான், பேச்சு முடிந்தது என்று மறுபடி இயக்கினார். அந்த மரியாதையால் போன இரண்டு மணித்தியாலத்தில் காற்று திரும்பிவிட்டது. அவர் படகைப் பார்த்துக்கொண்டு அடித்தார். நாங்கள் குசினிப் பக்கம் இருந்து நண்டுக்கறி சாப்பிட்டோம்.

பேச்சு நல்லபடி போயிருந்தது. பிலிப் ஐயா இரண்டு முறை என்னைப் பார்த்து, "இன்ஜினியர் தம்பி என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். இரண்டு முறையும் அக்காவே பதில் சொன்னா. சாப்பிட்டு முடிந்ததும் அவர் காருக்குள் இருந்த மருந்தை எடுக்கப் போனார். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். கையை எடுக்கவில்லை.

வெள்ளைக் காருக்கு நீல நிறத்தில் காய்ச்சல் வந்தது போல இருந்தது.

4

ஒரு நிமிடத்தில் எல்லோரும் மரத்தடிக்கு வந்துவிட்டார்கள். பிலிப் ஐயாவின் தங்கை சகுனம் என்ற சொல்லைச் சொல்லவில்லை, ஆனால் சிலுவை போட்டுக்கொண்டா. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. மரியநாயகம் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார், பிறகு தலையில் கை வைத்தார், பிறகு ஓடினார். திரும்பி வந்தபோது ஒரு கையில் தின்னர் டின், மற்றக் கையில் சணல் சாக்கு.

"ஒரு செக்கன் பொறுங்கோ ஐயா, இப்பவே துடைச்சுவிடுறன்," என்று சாக்கை நனைத்தார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கதிரையில் இருந்திருப்பேன். அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

"வைக்காதேங்கோ அண்ணை. தின்னர் பட்டால் கீழ்ப் பெயின்டும் சேர்ந்து கழலும். சாக்கு கீறிப்போடும். நீலம் இன்னும் காயேல்லை, மண்ணெண்ணெய்க்கு வரும். ஆனால் இண்டைக்கே செய்ய வேணும். நாளைக்கு எண்டால் இறுகிப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது. ஊரில் நான் அவ்வளவு உறுதியாக ஒன்றும் சொன்னதில்லை.

"ஆர் செய்யிறது?" என்றார் பிலிப் ஐயா.

"நாலு மணித்தியாலம் தாங்கோ. நான் செய்யிறன்."

உள்ளே போய்க் கால்சட்டையைக் கழற்றிச் சாரத்தைக் கட்டினேன். அக்கா பின்னால் வந்து கதவைச் சாத்தினா.

"உனக்கு விசரோ? மரியநாயகம் அண்ணை துடைக்கட்டும். நீ பக்கத்தில நிண்டு சொல்லிக்குடு. அந்த மனுசன் பாத்துக்கொண்டிருக்குது."

"அவர் துடைச்சால் பெயின்டும் போம், கலியாணமும் போம் அக்கா. பழைய பருத்திச் சேலை ஒண்டு தாங்கோ. ரண்டு வாளி தண்ணி, ஒரு ஷேவிங் பிளேட். கடையில ஷம்பூப் பக்கற் பத்து வாங்கச் சொல்லுங்கோ."

அக்கா அலுமாரியைத் திறந்து, அத்தான் இருக்கும்போது உடுத்த ஒரு சேலையை எடுத்து நான்காகக் கிழித்துத் தந்தா.

கூரையில் தொடங்கினேன். துணியில் மண்ணெண்ணெய் ஈரம் மட்டும், சொட்டக் கூடாது. ஒரு கை அகலம், ஒரே திசையில், துணியின் பக்கத்தை மாற்றி மாற்றி. நீலம் ஏறிய துணிப்பக்கம் மறுபடி காரில் பட்டால் அதுவே தேய்க்கும். உடனே ஷம்பூத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு உள்ளங்கை. வழுக்கினால் சரி. கண்ணாடிக்கு பிளேட்டைப் படுக்கவைத்து இழுத்தேன். வேலிக்கு அப்பால் ஆட்கள் கூடிவிட்டார்கள். மரியநாயகம் அண்ணை வாளிக்குத் தண்ணீர் இறைத்துத் தந்துகொண்டு, காற்றையும் தன்னையும் மாறி மாறித் திட்டினார்.

பிலிப் ஐயா ஒரு கதிரையைக் கொண்டுவரச் செய்து எதிரே இருந்தார். பஸ்காரர் கண், என் கையை விட்டு எடுக்கவில்லை. கூரை முடிந்து முன்மூடியில் பாதி போனபோது கேட்டார்.

"ஜேர்மனியில இன்ஜினியர்மார் தங்கடை காரைத் தாங்களே துடைக்கிறவையோ தம்பி?"

அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றா. இந்த முறை அவவும் என்னைத்தான் பார்த்தா.

"இல்லை ஐயா," என்றேன். "அங்க இன்ஜினியர்மார் துடைக்கிற ஆக்களைக் கூப்பிடுவினம். என்னைத்தான் கூப்பிடுவினம்."

அவர் கையை நீட்டினார், அக்கா தட்டோடு கிட்ட வந்தா. தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார். நான் திரும்பவும் துணியை நனைத்தேன். இருபது வருடத்துக்கு மேற்பட்ட பொய் முடிய ஒரு வாய் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்தான் எடுத்தது. முடிந்த பிறகும் அரைக் கார் மிச்சம் இருந்தது.

5

இடப்பக்கத்துக்கு வந்தபோது அன்ரன் சேர்ட் கையை மடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினான். தான் என்ன செய்யலாம் என்று கேட்டான். தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அந்தப் பக்கம் தகப்பனுக்குத் தெரியாது, கார் மறைத்தது.

முன் கதவைத் துடைத்து உள்ளங்கையை வைத்தேன். வழுக்கியது. ஆனால் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் விரல் போனபோது அங்கே வேறு சுரசுரப்பு. நீலம் இல்லை, வெள்ளை. காரின் அதே வெள்ளை, பழையது, இறுகியது. கதவைத் திறந்து உள்விளிம்பைத் தடவினேன். நகத்துக்கு ஒரு மெல்லிய படி தட்டுப்பட்டது. பெயின்ட் அடிக்கும்போது மறைத்து ஒட்டிய தாளின் எல்லை. பின் கதவிலும் அப்படியே. இரண்டு கதவும் ஒரு காலத்தில் நசுங்கி, தட்டி நிமிர்த்தி, மறுபடி அடிக்கப்பட்டவை. நல்ல கைகாரன் செய்திருக்கிறான். ஆனால் காற்றில் பறந்த பெயின்டை அவனும் துடைக்க மறந்துவிட்டான்.

விரலை எடுத்தேன். என் விரல் நின்ற இடத்தை அன்ரன் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டான்.

"உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது மாமா," என்றான் தணிந்த குரலில்.

"ஓம்."

"வாங்கின பிறகுதான் எனக்குத் தெரியும். அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார், அடிபடாத வண்டி எண்டு. எப்பிடிச் சொல்லுறது?"

அவனிடம் புத்தி சொல்ல எனக்கு என்ன உரிமை? அரை மணித்தியாலத்துக்கு முன்தான் நானே வாயைத் திறந்திருந்தேன். தண்ணீரை ஊற்றச் சொன்னேன், காய்ந்தால் கீறும் என்று. ஊற்றினான். பிறகு கேட்டான்.

"அப்பாவுக்குச் சொல்லப்போறியளோ?"

"அது உங்கடை வீட்டுக் கதை தம்பி. நான் நீலத்துக்குத்தான் வந்தனான்."

பொழுது சாயும்போது முடிந்தது. பிலிப் ஐயா எழும்பி வந்து கூரையில் இருந்து பின்மூடி வரை உள்ளங்கையை வைத்து நடந்தார். இடப்பக்கமும் நடந்தார். நானும் அன்ரனும் அவர் கையையே பார்த்தோம். "வேலை தெரியும்," என்றார். போய் அறிவிக்கிறோம் என்ற வழக்கமான சொல்லைக்கூடச் சொல்லாமல் ஏறினார்கள். கார் போன பிறகு அக்கா மரத்தடியில் கிடந்த சேலைத் துண்டுகளைப் பொறுக்கினா.

மெலானிதான் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுவந்தாள். என் கை முழங்கை வரை நீலமாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன் காரியத்தை நான் கெடுத்துவிட்டேன் என்றேன்.

"எனக்கு முந்தியே தெரியும் மாமா. லியா படம் அனுப்பினவள், நீங்கள் முழங்காலில நிண்டு கார் துடைக்கிற படம். 'மை டாட்' எண்டு போட்டு. அவளுக்கு அது பெருமை."

என் மகளுக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை இருப்பது எனக்கு ஓர் அடுத்த வீட்டுச் செய்தி போலத்தான் வந்தது. உன் அம்மாவுக்கும் தெரியுமா என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு நாலு வருசமாத் தெரியும். நீங்கள் வெக்கப்படுவியள், தெரிஞ்ச மாதிரிக் காட்டாதை எண்டு அவாதான் சொன்னவா."

நான் அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடியிருந்தேன். அக்கா என்னைக் காப்பாற்ற மாப்பிள்ளை வீடு வரை பொய் சொல்லியிருக்கிறா. இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்தது மெலானியின் கலியாணத்தை என்று அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

6

திரும்பி வந்து வேலைக்குப் போனேன். ஓமந்தையில் இருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அக்கா தொலைபேசியில் சாப்பாடு, மழை, கோயில் என்று மூன்றோடு முடித்துக்கொண்டா. பதின்மூன்றாம் நாள், ஒரு பல்வைத்தியரின் கறுப்புக் காரின் அருகே நான் முழங்காலில் நின்றபோது தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு.

"தம்பி, நான் பிலிப் கதைக்கிறன். வேலையிலையோ?"

"ஓம் ஐயா."

"துடைக்கிறியளோ?"

"ஓம் ஐயா."

பிறகு சொன்னார். அன்று திரும்பும் வழியில் மாங்குளத்தில் தேத்தண்ணீருக்கு நிறுத்தியபோது அன்ரன் கதவு இரண்டையும் பற்றிச் சொல்லிவிட்டானாம். பத்து நாள் மகனோடு பேசவில்லையாம்.

"ஏன்டா இவ்வளவு நாளும் மறைச்சனி எண்டு கேட்டன். அந்த மாமா அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னார், அதுக்குப் பிறகும் நான் சொல்லாமல் இருக்கேலாது எண்டான். எனக்கு உங்களிலயும் கோவம்தான் தம்பி. இன்ஜினியர் எண்டு சொல்லிப்போட்டு."

"பிழைதான் ஐயா."

"பிழைதான். அடிபட்ட வண்டியில வந்து அடிபடாத வண்டி எண்டு நானும் சொன்னனான். தெரியாமல் சொன்னது, எண்டாலும் சொன்னது சொன்னதுதானே. பிள்ளையின்ரை முகத்தில நான் ஒரு குறையும் காணேல்லை. கலியாணத்தைத் தை பிறக்க வைப்பமோ?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"இன்னொண்டு. பின் கண்ணாடிக்குக் கீழ ஒரு பொட்டு நீலம் விட்டிட்டியள்."

"வரேக்க எடுத்துத் தாறன் ஐயா."

"கட்டாயம் எடுக்க வேணும்," என்று வைத்துவிட்டார்.

தையில் லியாவும் வந்தாள். சேலை கட்டத் தெரியாமல் மெலானியின் தோழிகளிடம் தன்னைக் கொடுத்துவிட்டு மரம் மாதிரி நின்றாள். பூசை முடிந்து கோயில் அலுவலக அறையில் பதிவு. மணமக்கள் கையெழுத்து வைத்தார்கள். பிலிப் ஐயா ஒரு சாட்சி, நான் மறு சாட்சி. பதிவு எழுதுகிறவர் வயதானவர், அச்சு மாதிரி எழுத்து. பிலிப் ஐயாவின் பெயருக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற சாரதி என்று எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கோட் போட்டிருந்தேன்.

"பேர்?"

சொன்னேன்.

"தொழில்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரல்.

"கார் துடைக்கிறவர் ஐயா. அப்பிடியே எழுதுங்கோ."

எழுதுகிறவர் அக்காவைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் எழுதினார். புத்தகத்தை என் பக்கம் திருப்பித் தந்தார், மை காயும் வரை பொறுத்து அதன் கீழே கையெழுத்து வைத்தேன்.